மௌனத்தால் பட்டம் வாங்கிய ஹோல்டு மிஸ்

பள்ளி ஆலோசகர்களை உருவாக்கும் முதுநிலைத் துறை ஒன்றில் ஒரு மௌனத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஒலிப்பதிவாகத்தான். புதிதாகச் சேர்பவர்களை முதல் வாரத்திலேயே உட்காரவைத்து, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, துறைத் தலைவர் அதைப் போட்டுக் காட்டுவார். ஒரு பள்ளிச் சிறுமி பேசிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்துகிறாள். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. எதிரே இருக்கும் ஆலோசகர் தும்மவில்லை, செருமவில்லை, ஒரு "ம்" கூடச் சொல்லவில்லை. நீளமான, கனமான, ஆளை அமுக்குகிற மௌனம். பிறகு சிறுமி உடைந்து அழுகிறாள். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வர்றதில்ல" என்பார். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள் என்று அந்த நேரத்தில் யாரும் நினைவூட்டுவதில்லை. மின்விசிறி இல்லாத புழுக்கத்தில் யாருக்கும் அவ்வளவு தெம்பு இருக்காது.

இந்த மௌனம் போலி என்று ஒரு வதந்தி இப்போது உலவுகிறது. கேன்டீனில் ஒரு கதை: அந்தச் சிறுமி பள்ளி மாணவியே இல்லை, நாடகக் குழுவில் அழுகிற வேஷம் கட்டுகிறவள். நூலகத்தில் வேறு கதை: மௌனத்தைக் கம்ப்யூட்டரில் ரப்பர் மாதிரி இழுத்து நீட்டியிருக்கிறார்கள். வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளியிடம் இன்னும் எளிமையான விளக்கம் இருந்தது. "அந்தம்மா தூங்கியிருப்பாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க."

வதந்தி என்று வந்துவிட்டால் விசாரிக்காமல் நம்புவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. இருந்தாலும் விசாரித்தாயிற்று. சிறுமி அசல். அறை அசல். மௌனம் அசலிலும் அசல். யாரும் இழுக்கவில்லை, யாரும் தூங்கவில்லை. அழுகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் பொறுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

மௌனத்தின் சொந்தக்காரர் ஒரு பெண்மணி. படிப்பில் சேர்வதற்கு முன்னால் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பத்து வருஷம் இருந்தவர். காதில் மாட்டிய கருவி வழியாக ஊரே வந்து திட்டும். "உங்க சிரமம் எனக்கு நல்லாப் புரியுதுங்க" என்று இவர் சொல்வார். சொல்லிக்கொண்டே மறுகையால் நகம் வெட்டுவார். குரலில் தேன் சொட்டும். நகம் மேஜைக்கடியில் விழும். பத்து வருஷத்தில் அவருக்கு உண்மையாகவே புரிந்த சிரமம் என்று ஒன்றைக் கேட்டால், ஏ.சி. காற்று நேராகத் தலையில் அடித்ததைச் சொல்வார்.

பிறகு கம்பெனி அந்த வேலையை ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டது. இயந்திரமும் "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்றே சொன்னது. இவரைவிட உருக்கமாகச் சொல்கிறது என்று மேலாளர் விடைபெறும் நாளில் சொல்லி, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்தனுப்பினார்.

ஆலோசகர் படிப்பு அவருடைய கணவரின் யோசனை. அவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்துக்குக் கட்டடம் போய், நடுவில் சிக்கியவர்களை வெளியே எடுப்பவர்.

"நீதான் பத்து வருஷமா திட்டு வாங்கிட்டு புரியுது புரியுதுன்னு சொன்னியே. அதையே ஸ்கூல்ல உக்காந்து சொல்லு. சின்னப் பசங்க. திட்டினாலும் சின்னத் திட்டாத்தான் இருக்கும்."

"அதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமாம்ங்க."

"புரியுதுன்னு சொல்லவா?"

"இல்லங்க. சர்டிஃபிகேட்டோட சொல்ல."

சேர்க்கை நேர்காணலில், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். "சின்ன வயசுலேருந்தே அடுத்தவங்க கஷ்டத்தைக் கேக்கறதுன்னா எனக்கு உயிரு சார்" என்றார். அவருக்கு முன்னால் போனவரும் இதையே சொல்லியிருந்தார். பின்னால் போனவரும் சொன்னார். வகுப்பு தொடங்கியபோது அறை நிறைய, பிறந்ததிலிருந்து அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்க உயிரை விட்டவர்களே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் பேசும்போது மட்டும் ஒருத்தர் காதிலும் விழவில்லை.

படிப்பின் முதல் விதி, ஆலோசகர் ஆலோசனை சொல்லக் கூடாது என்பது. புதியவர்கள் இதைக் கேட்டு முழிப்பார்கள். மருத்துவர் மருந்து கொடுக்கக் கூடாது, தையல்காரர் ஊசியைத் தொடக் கூடாது என்பதுபோல இருக்கிறதே என்று ஒருத்தர் கேட்டேவிட்டார். துறைத் தலைவர் புன்னகைத்து, "நீங்க சொல்றது என்னன்னா, உங்களுக்குக் குழப்பமா இருக்கு" என்றார். ஆமாம் என்றார் கேட்டவர். "ம்ம்" என்றார் தலைவர். அத்தோடு பதில் முடிந்தது. அதுதான் பதில் சொல்கிற முறை என்பது எல்லோருக்கும் விளங்க ஒரு பருவம் பிடித்தது. வந்தவர் சொன்னதை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் மடித்து, இஸ்திரி போட்டு. முன்னால் சாய வேண்டும், ஆனால் மேலே விழுகிற மாதிரி அல்ல. கண்ணைப் பார்க்க வேண்டும், ஆனால் முறைக்கிற மாதிரி அல்ல. சாய்வதற்கு மதிப்பெண், பார்ப்பதற்கு மதிப்பெண், "ம்ம்" சொல்வதற்கும் மதிப்பெண் உண்டு.

பழகுவதற்காக ஒருவரையொருவர் ஆலோசகராகவும் அல்லலுற்றவராகவும் நடித்துக்கொள்வார்கள். சொந்தத் துக்கம் எதையாவது கொண்டுவர வேண்டும், ஆனால் ரொம்பப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே எல்லோரும் வீட்டிலேயே துக்கத்தை எடை போட்டு, சின்னதாகப் பார்த்து எடுத்துவந்தார்கள். வகுப்பில் முன்பு நர்ஸாக இருந்த ஓர் அம்மாள் இருந்தார். ஊசி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஒருநாள் தன் பூனை தன்னை மதிப்பதில்லை என்று சொல்லிக் கண்ணைக் கசக்கினார். எதிரே ஆலோசகராக நமது பெண்மணி.

"நீங்க சொல்றது என்னன்னா, அந்தப் பூனை உங்களை..."

"மதிக்கல."

"மதிக்கலைங்கிறது உங்களுக்கு..."

"வலிக்குது."

அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பத்து வருஷப் பழக்கம் வாயைத் திறந்தது. "ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க."

வகுப்பு சிரித்து ஓய்ந்தபோது அவருக்கு ஹோல்டு என்று பெயர் நிலைத்துவிட்டது. துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. உறவை அறுக்காமல் பிடித்துவைக்கும் உத்தி என்று அதற்கும் ஒரு மதிப்பெண் போட்டார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம்.

"சாப்பாடு ஆறிப்போச்சு" என்றார் கணவர்.

"நீங்க சொல்றது என்னன்னா, உங்களுக்குள்ள ஒரு ஏமாற்றம் இருக்கு."

"ஏமாற்றம் இல்ல. பசி."

"பசிங்கிற அந்த உணர்வோட கொஞ்ச நேரம் இருந்து பாருங்களேன்."

"நீ பாஸ் பண்றவரைக்கும் நான் வெளியவே சாப்பிட்டுக்கறேன்" என்று எழுந்து போனார். லிஃப்டுக்குள் சிக்கியவர்களோடு பேசுவதே சுலபம் என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொன்னாராம். அவர்கள் திறக்கச் சொல்வார்கள், இவர் திறப்பார், அவ்வளவுதானே.

இரண்டாம் வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆலோசனைக்கு ஒதுக்கிய அறை, விளையாட்டுச் சாமான் அறையில் பாதி. ஒரு பக்கம் காற்றிறங்கிய பந்துகளும் வலைகளும். மறுபக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள்: "நீ பேசுவது இந்த அறையைத் தாண்டாது." தடுப்புப் பலகை கூரை வரைக்கும் போகவில்லை. அந்தப் பக்கம் அலுவலக ஜெராக்ஸ் மெஷின். அங்கே எத்தனை பிரதி எடுக்கிறார்கள் என்பது இங்கே கேட்கும். இங்கே யார் மூக்கைச் சிந்துகிறார்கள் என்பது அங்கே கேட்கும்.

பட்டம் வேண்டுமானால் ஓர் அசல் மாணவரோடு நடத்திய ஓர் அசல் அமர்வை, வருஷத் தொடக்கத்திலேயே பள்ளி வாங்கிவைத்த வீட்டாரின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து கொடுக்க வேண்டும். அதைத் துறையில் உட்கார்ந்து கேட்டு, "ஆழம்" இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹோல்டு கொடுத்த முதல் பதிவில் ஒரு பையன் கால்பந்து அணியில் இடம் கிடைக்காததைச் சொன்னான். "ஆழம் இல்லம்மா. கணுக்கால்தான் நனையுது" என்றார் துறைத் தலைவர். இரண்டாவது பதிவில் வேறொரு பையன், என்ன கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்" என்றான். நன்றாக இருக்கிற பிள்ளை ஓர் ஆலோசகருக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. அதிலும் ஆழம் இல்லையென்றால் ஒரு வருஷம் மறுபடி படிக்க வேண்டும். தலைமை ஆசிரியை வேறு கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"நீங்க இந்த வருஷம் முடிச்சிட்டு வந்தா போஸ்ட் உங்களுக்கு. இல்லேன்னா டிராயிங் டீச்சரோட தங்கச்சிக்கு. அவங்க போன வருஷமே பாஸ் பண்ணிட்டு வீட்ல சும்மா இருக்காங்க. என்னால எவ்வளவு நாள்தான் நாற்காலியைத் துடைச்சு வச்சுட்டு நிக்க முடியும், சொல்லுங்க?"

அதற்குப் பிறகு ஹோல்டு தாழ்வாரங்களில் சுற்ற ஆரம்பித்தார். வாடிய முகம் எங்கே, சிவந்த கண் எங்கே, தனியாகச் சாப்பிடும் பிள்ளை எங்கே என்று தேடினார். ஒரு பெண் கன்னத்தில் கைவைத்துத் தூணோரமாக நின்றாள். ஓடிப்போய்த் தோளைத் தொட்டு, "என்ன கண்ணு?" என்றார். பல்வலி. முகத்தில் ஏமாற்றம் தெரியாமல் பல் டாக்டரிடம் போகச் சொன்னார். அதுவும் ஆலோசனைதான், விதிப்படி அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

ஒருவழியாக, தேடாமலேயே ஒருத்தி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. ஒல்லி, இரட்டைப் பின்னல், பேச்சில் நிதானம். "வீட்ல நான்தான் மிஸ் தபால்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

ஹோல்டு, துறை இந்த முறை புதிதாகக் கொடுத்த ரெக்கார்டரை மேஜைமேல் வைத்து, பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னால் சாய்ந்தார். "சொல்லு."

"எங்கப்பாவும் அம்மாவும் பேசிக்க மாட்டாங்க மிஸ். சண்டைன்னு இல்ல. பேசறதில்ல, அவ்வளவுதான். ஒரே சோபாவுல உக்காந்து டிவி பாப்பாங்க. 'உங்கப்பாகிட்ட சொல்லு, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி'ம்பாங்க அம்மா. அப்பா அங்கயேதான் இருப்பாரு. நான் சொன்னாத்தான் குறைப்பாரு."

"நீ சொல்றது என்னன்னா, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீ..."

"இருங்க மிஸ், இன்னும் முடிக்கல. 'அறிவு இருந்தா அந்தாளு கரண்ட் பில்லு கட்டியிருப்பாரு'ன்னு அம்மா சொல்லுவாங்க. அதை அப்படியே சொன்னா வீடு நாறிடும். அதனால நான் போய், 'கரண்ட் பில்லு மறந்துடுமோன்னு அம்மாவுக்கு பயமா இருக்காம்ப்பா'ன்னு சொல்வேன். அப்பா, 'உங்கம்மாவை வாயை அடக்கச் சொல்லு'ம்பாரு. நான் அம்மாகிட்ட, 'அப்பா உன் உடம்பைப் பாத்துக்கச் சொன்னாரும்மா'ம்பேன்."

ஹோல்டுக்கு "நீ சொல்றது என்னன்னா" மறந்துபோயிற்று. இரண்டு வருஷமாக அவர் தட்டுத்தடுமாறிப் படிக்கிற வித்தையை இந்தப் பெண் வீட்டில் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே முடித்திருந்தாள்.

"அப்புறம் எனக்கே தைரியம் வந்துருச்சு மிஸ். சொல்லாததையும் சேர்க்க ஆரம்பிச்சேன். 'அந்த நீலக் கலர் டிரஸ் உனக்கு நல்லாருக்குன்னு அப்பா சொன்னாரும்மா'ன்னேன். அதுலேருந்து அம்மா நீலமாவே போடறாங்க. அப்பாகிட்ட, 'நீங்க குளிக்கும்போது பாடறது நல்லாருக்குன்னு அம்மா சொன்னாங்கப்பா'ன்னேன். இப்ப கதவைத் திறந்து வச்சுட்டுப் பாடறாரு. அம்மா காதைப் பொத்திக்கிறாங்க. ஆனா நிறுத்தச் சொல்லி தூது அனுப்ப மாட்டேங்கறாங்க மிஸ்."

ஹோல்டு சிரித்துவிட்டார். சிறுமியும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது.

"சனிக்கிழமை எங்க அத்தை வர்றாங்க. ரெண்டு பேரையும் எதிர் எதிர்ல உக்காரவச்சு பேச வைக்கப்போறாங்களாம். பேசினா என்ன ஆகும்? 'நீலம் நல்லாருக்குன்னீங்களே'ன்னு அம்மா கேப்பாங்க. 'நான் எப்போ சொன்னேன்'ம்பாரு அப்பா. ரெண்டு பேரும் சேர்ந்துட்டா நான் மாட்டிக்குவேன் மிஸ்." அவள் நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அதனால... அவங்க சேரவே கூடாதுன்னு நெனைக்கிறேன். சொந்த அப்பா அம்மாவைப் பத்தி யாராவது அப்படி நெனைப்பாங்களா மிஸ்?"

அழுதாள். சத்தமில்லாமல், முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு, பார்க்க அழகாக இல்லாத அழுகை. மூக்கொழுகிய குரலில் கேட்டாள்: "நான் முன்னாடியே போய்ச் சொல்லிடணுமா? இல்ல, பேசாம இருந்துடணுமா? அதை மட்டும் சொல்லுங்க மிஸ்."

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிஷம் ஹோல்டு உண்மையாகவே கேட்டார். கை தானாகப் போய்ச் சிறுமியின் தோளில் உட்கார்ந்தது. துறையில் சொன்ன சாய்வு, பார்வை எல்லாம் போய், வாயில் ஒரு பதில்கூட வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் கண் ரெக்கார்டர் பக்கம் போனது.

சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கருவியில் ஒருதரம் அமுக்கினால் விளக்கு மினுக்கும். காத்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொருதரம் அமுக்கினால்தான் நின்று எரியும், பதிவாகும். பத்து வருஷம் பேசியதெல்லாம் தானாகப் பதிவான இடத்தில் வேலை பார்த்தவர். முதல் இரண்டு பதிவுக்குத் துறை கொடுத்த பழைய கருவியிலும் ஒருதரம் அமுக்கினால் போதும். ஒருதரம்தான் அமுக்கியிருந்தார்.

அவர் கண்ணிலும் இப்போது நீர் வந்தது. சிறுமிக்காக என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

"கண்ணு, மிஸ்ஸுக்கு ஒரு சின்ன உதவி பண்றியா?"

"என்ன மிஸ்?"

"இது ரெக்கார்டு ஆகல. முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்றியா? அப்படியே."

சிறுமி அழுகையை நிறுத்தினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கருவியைப் பார்த்தாள், ஹோல்டைப் பார்த்தாள்.

"அழுததையுமா மிஸ்?"

ஒரு மனுஷி வெட்கப்படுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. ஹோல்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனார். "வந்தா நல்லது" என்றார்.

தலைமுறைக்கு ஒரு முறை ஒரு தொழில் தன்னை முழுசாகக் காட்டிக்கொள்ளும் என்றால், கேட்பதற்கென்றே படித்தவர்களின் தொழில் அந்த இரண்டு வார்த்தையில் காட்டிக்கொண்டது.

சிறுமி யோசித்தாள். "சரி மிஸ். ஆனா அப்புறம் என் கேள்விக்குப் பதில் சொல்லணும். 'நீ சொல்றது என்னன்னா'ல்லாம் வேணாம். பதில்."

"கண்டிப்பா."

"கடன் மிஸ்."

"கடன்தான் கண்ணு. சீக்கிரம், பெல் அடிச்சிடும்."

இந்த முறை இரண்டுதரம் அமுக்கினார். விளக்கு நின்று எரிந்தது. சிறுமி தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். செய்தியை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் தேர்ந்தவள். மிஸ்ஸுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அப்பா இந்தத் தடவை தட்டை வீசினார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். அத்தை வரவேயில்லை. நீலக் கலரையும், கதவைத் திறந்து வைத்துப் பாடுகிற அப்பாவையும் அவள் வெளியே எடுக்கவில்லை. அவர்கள் சேரக் கூடாது என்று நினைத்ததையும் சொல்லவில்லை. அந்த இடத்தில், டிவி தொடர்களில் வருகிற மாதிரி, "எனக்குன்னு யாருமே இல்ல மிஸ்" என்று சொல்லி நிறுத்தினாள்.

அங்கேதான் அந்த மௌனம்.

ஹோல்டு வாயைத் திறக்கவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் விளக்கின் மேல். நின்று எரிகிறதா, மினுக்குகிறதா? இப்போது மினுக்கின மாதிரி இருந்ததே, பிரமையா? சிறுமியும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் மெஷின்கூட அந்த நேரத்தில் பேப்பர் சிக்கி நின்றிருந்தது. அறையில் இருந்த இரண்டு பேரும் ஒரு கடுகளவு வெளிச்சத்தை இப்படி ஒருமனதாகப் பார்த்துக்கொண்டிருக்க, போதும் என்று தோன்றிய இடத்தில் சிறுமி அழ ஆரம்பித்தாள். இது அழகான அழுகை. ஏற்ற இறக்கம் எல்லாம் இருந்தது.

பெல் அடித்தது. சிறுமி பையை எடுத்துக்கொண்டாள். "பதில் மிஸ்?"

ஹோல்டு கருவியைக் காதில் வைத்து, பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு கண்ணு. நாளைக்கு நிச்சயம்."

மறுநாள் பதிவை எழுத்தாக்குகிற வேலை இருந்தது. அதற்கு மறுநாள் துறைக்குப் போக வேண்டியிருந்தது. அப்புறம் சனிக்கிழமை வந்தது, போயிற்று. அத்தை வந்தாரா, எதிர் எதிரே உட்காரவைத்தாரா, ஹோல்டுக்குத் தெரியாது. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று கேட்கவில்லை.

துறையில் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். மௌனம் வந்தபோது துறைத் தலைவரின் தலை மெதுவாகக் குனிந்தது. முடிந்ததும் நிமிர்ந்தார்.

"இந்த இடத்துல நீங்க என்ன உணர்ந்தீங்கம்மா?"

"பயம் சார்" என்றார் ஹோல்டு. அது சத்தியமான வார்த்தை.

"பயத்தோடயே தாங்கிப் பிடிச்சீங்க பாருங்க!" துறைத் தலைவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அதான் ஆழம்."

பட்டம் வந்தது. வேலை வந்தது. டிராயிங் டீச்சரின் தங்கை இன்னும் வீட்டில் சும்மா இருக்கிறார். பந்துகளையும் வலைகளையும் வேறு இடத்துக்கு மாற்றி முழு அறையையும் ஹோல்டுக்கே கொடுத்துவிட்டார்கள். மேலாளர் கொடுத்த சுவர்க்கடிகாரம் இப்போது அங்கேதான் ஓடுகிறது. கணவர் வீட்டில் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். சம்பள நாளன்று எல்லோரும் சந்தோஷமாகவே இருக்கிறார்கள்.

விஷயம் வெளியே வந்தது ஊசியால். ஒருநாள் டீக்கடையில் ஹோல்டு மனசு தாங்காமல் அவரிடம் சொல்லிவிட்டார். ரகசியம் காத்தல் என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவர் ஊசி. ஒருவரிடமும் சொல்லவில்லை என்று இப்போதும் சொல்கிறார். யார் யாரிடம் சொன்னார் என்று கேட்டால் பெயர்களையும் சொல்கிறார். துறைத் தலைவர் காதுக்கும் போயிருக்கிறது. அவர் "ம்ம்" என்றாராம். பதிவை நிறுத்தவில்லை. புது வகுப்பு வந்தால் ஜன்னலைச் சாத்துகிறார், கண்ணாடியைத் துடைக்கிறார்.

ஹோல்டு ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் கேட்டார். "ஏங்க, ஒரு பொண்ணு வீட்ல பொய் சொல்லிச் சொல்லி அப்பா அம்மாவைச் சமாளிச்சிருக்கு. அது மாட்டிக்கிறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிடணுமா, பேசாம இருக்கணுமா?"

"யாரு கேட்டது?"

"ஸ்கூல்ல ஒரு பொண்ணு."

"எப்போ?"

ஹோல்டு தட்டைப் பார்த்தார். "முந்தின வருஷம்."

லிஃப்ட் மெக்கானிக் சாப்பிடுவதை நிறுத்தினார். "அடிப்பாவி. நாங்க அரை மணி நேரம் லேட்டாப் போனாலே உள்ள இருக்கறவங்க அடிக்க வர்றாங்க."

அந்தப் பெண் இப்போது பதினோராம் வகுப்பு. ஒரு காலை, பள்ளிக்குத் தாமதமாக வந்து, ஆலோசகர் அறை வாசலில் நின்றாள். தாமதமாக வருபவர்கள் வகுப்புக்குள் போக யாராவது ஓர் ஆசிரியரிடம் சீட்டு வாங்க வேண்டும். "சீட்டுல ஒரு கையெழுத்து மிஸ்."

ஹோல்டு அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நான் உன்கிட்டப் பேசணும்னே இருந்தேன் கண்ணு. அன்னிக்கு சனிக்கிழமை உங்க அத்தை..."

"வந்தாங்க மிஸ். உக்காரவச்சாங்க. இப்ப அவங்களே பேசிக்கறாங்க. எனக்குத்தான் வேலை போச்சு."

"நீ மாட்டிக்கிட்டியா? அந்த நீலம்..."

"அதைச் சொன்னா இந்த ரூமைத் தாண்டிடுமே மிஸ்." குரலில் கோபம் இல்லை, தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "எங்க சித்தி பொண்ணு அந்தக் காலேஜ்லதான் சேர்ந்திருக்கா. முதல் வாரமே போட்டுக் காட்டினாங்களாம். குரலைக் கேட்டதுமே கண்டுபிடிச்சிட்டா. 'நல்லா அழுதிருக்கடி'ன்னா."

ஹோல்டுக்குக் காது சூடாயிற்று. எவ்வளவோ நாள் மனசுக்குள் ஓட்டிப்பார்த்து வைத்திருந்த பதிலை எடுத்தார். "நீ அன்னிக்குக் கேட்டியே, அதுக்கு நான் யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் பாத்தா, உனக்கு எது..."

"சுத்தி வளைக்காதீங்க மிஸ். சொல்லிடணுமா, பேசாம இருக்கணுமா?"

"உன் மனசு என்ன சொல்லுதோ..."

சிறுமி சீட்டை மேஜைமேல் வைத்து, விரலால் அவர் பக்கம் நகர்த்தினாள். ஹோல்டு கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நிமிர்ந்து பார்த்தார்.

"ஆலோசனைன்னு போடுங்க மிஸ். போன வாரமும் அதான போட்டீங்க."

"போன வாரமே பதில் சொல்றதாத்தான் கண்ணு இருந்தேன்."

"அதனாலதான் அன்னிக்கும் கையெழுத்து போட்டீங்க." அவள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். "இதெல்லாம் வட்டி மிஸ். அசல் அப்படியே நிக்குது."

வாரத்துக்கு ஒரு நாளாவது அவள் தாமதமாக வருகிறாள். ஹோல்டு மிஸ் ஒவ்வொரு முறையும் பேனாவைத் திறந்துவிட்டு, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றே ஆரம்பிக்கிறார். இது அச்சுக்குப் போகும் வரைக்கும் சொன்னதாகத் தகவல் இல்லை.